ஐந்து மணிக்குள் ஒரு மீன்

சொட்டு வேகமாக விழுகிறதோ என்று சந்தேகம் வந்து அம்சவேணி குழாயில் இருந்த சின்ன உருளையைக் கட்டைவிரலால் நகர்த்தினாள். நகர்த்தினதும் சொட்டு நின்றே போயிற்று. சனியன் என்று மறுபடி தளர்த்தினாள். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றுவார்களே, அதே குழாய்தான். கடல்மீனுக்கு இதைவிட வாகானது கிடையாது என்று மருந்துக்கடையில் வாங்கி வந்து டேங்க்குக்குக் கீழே அலமாரியில் சுருட்டி வைத்திருந்தவர் அவள் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி. டேங்க்குக்குள் ஒரு முனை, தரையில் இருக்கிற வாளிக்குள் ஒரு முனை. கடைத் தண்ணீரோடு வாளியில் கிடக்கும் மீனுக்கு வீட்டுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து பழக வேண்டும், ஒரு மணி நேரமாவது ஆகும், அவசரப்பட்டால் மீன் தாங்காது. மணி மூன்றே முக்கால். ஐந்து மணிக்கு மாப்பிள்ளை தினகர் அவரை பிசியோதெரபியிலிருந்து காரில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அதற்குள் இந்த மீன் டேங்க்குக்குள் போய், கல்லுக்குப் பக்கத்தில், எப்போதும் அங்கேயே குடியிருந்தது போல நின்றாக வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதற்கு ஏன் வாசல் கதவையே பார்க்கிறாள், கொலையா பண்ணப் போகிறாள்? கொலைதான், வேறென்ன, என்று உள்ளேயிருந்து ஒன்று சொன்னது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சொட்டை எண்ண ஆரம்பித்தாள். எண்ணுவது அவளுக்கு இப்போதெல்லாம் ஆகிறதில்லை. ஒன்று, இரண்டு என்றாலே மனசு எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். விரல் நீளம்தான் இருக்கும். முன்பாதி பால்வெள்ளை, பின்பாதி தணல் சிவப்பு, முதுகில் நீளமாக ஒரு ஈர்க்கு. பயம் வந்தால் அந்த ஈர்க்கை டக் டக்கென்று தூக்கித் தூக்கிக் காட்டும். ஃபயர் ஃபிஷ் என்று பேர். பேரில்தான் நெருப்பு, சுபாவத்தில் பூச்சி. ‘இதைப் பார்த்துப் பயப்படுற மீன் இன்னும் பிறக்கல வேணி’ என்பார் அவர். பழையதும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. அச்சு அசல் என்று இவளாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், நாலு வருஷமாக அதன் முகத்தில் விழித்த மனுஷனுக்குத் தெரியாமலா போகும்? அவள் கண்ணுக்கு மீன் என்றால் மீன். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு போனதில்தானே வினையே வந்தது. அவரை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றின அன்றைக்கு, அவருக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. டேங்க் பக்கத்துச் சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, ‘வைக்கலாம்’ என்று ஒரு வரிசை, ‘வைக்கவே கூடாது’ என்று ஒரு வரிசை, நடுவில் ‘யோசிக்கணும்’. வைக்கலாம் வரிசையில் ராயல் கிராமா என்று எழுதி இரண்டு தடவை கோடு போட்டிருந்தார். ஆசை. தலை ஊதா, வால் மஞ்சள். போனாள், வழக்கமான கடை பூட்டியிருந்தது, வேறு ஏதோ ஒரு கடையில் நுழைந்து, தலை ஊதா வால் மஞ்சள் என்று கேட்டாள், கொடுத்தார்கள், கொண்டுவந்து விட்டாள். அது கிராமா இல்லை. டாட்டிபேக். அதற்கும் தலை ஊதா, வால் மஞ்சள். கிராமாவுக்கு ஊதாவும் மஞ்சளும் ஒன்றில் ஒன்று கரையும், முதுகுத் துடுப்பில் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கும். மற்றதற்குப் பொட்டும் கிடையாது கரைசலும் கிடையாது, கத்தியால் நறுக்கி ஒட்டினது போல நடுவில் ஒரே வெட்டு. முந்தினது சாது, பிந்தினது ரௌடி. இதை அவர் போனில் படத்தைப் பெரிசாக்கிக் காட்டி அவளிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். பத்துத் தடவையும் அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே ‘ம்’ போட்டாள். முப்பத்து மூன்று வருஷமாக ‘ம்’ போட்டே காலத்தை ஓட்டிவிட்ட கெட்டிக்காரி அவள்.

வந்த மூன்றாம் நாளே அந்த ரௌடி வேலையைக் காட்டிவிட்டது. ஃபயர் ஃபிஷ்ஷை ஒரு இடத்தில் நிற்க விடவில்லை. மூலைக்குத் துரத்தி, மேலே துரத்தி. அன்றைக்கு இரை போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்தில் மேலே வலை மூடியைச் சரியாக இழுத்து விடவில்லை, நாலு விரல் இடைவெளி. மறுநாள் காலையில் பெருக்கும்போது அலமாரிக்குப் பின்னால் விளக்குமாற்றில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. நெத்திலிக் கருவாடு மாதிரி இருந்தது. அவள் கருவாடு என்றே நினைத்தாள், நம் வீட்டில் ஏது கருவாடு என்றும் நினைத்தாள். அப்புறம்தான் அந்த ஈர்க்கைப் பார்த்தாள். பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அவர் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு ஒவ்வொரு சொல்லாகப் பிய்ந்து வருகிறது. நாற்காலியை டேங்க் முன்னால் போட்டு உட்கார வைத்தால் முதலில் அந்த ஊதா மஞ்சளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ‘இல்லைங்க, சமத்தா இருக்கு, யார்கிட்டயும் வம்புக்குப் போறதில்ல’ என்றாள். அப்புறம் இடது கையை நீட்டிக் கல்லைக் காட்டி, ‘எங்க’ என்றார். ‘கல்லுக்குள்ள இருக்குங்க, புதுசுக்கு வெட்கப்படுது.’ தினமும் ‘எங்க’. தினமும் ‘கல்லுக்குள்ள’. பொய் சொல்கிறவளுக்குத்தான் புதுசாக எதுவும் தோன்றவில்லை என்றால், கேட்கிறவரும் அலுக்காமல் கேட்கிறார். தெரிந்துகொண்டே கேட்கிறாரோ? அந்த முகத்தில் பாதி அசைவதே இல்லை, எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது?

காலையில் கொளத்தூரில், அவர் வழக்கமாக மீன் வாங்குகிற அல்போன்ஸ் கடை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது அவள் ஒரு வேண்டுதலே வைத்தாள், ஃபயர் ஃபிஷ் இருக்கக் கூடாது, ஸ்டாக் இல்லை என்று அவர் வாயால் வர வேண்டும் என்று. இருந்தது. நாலு இருந்தது. அல்போன்ஸ் மற்றவர்களைப் போலக் கேட்டதை அள்ளிக் கொடுக்கிற ஆள் இல்லை, ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி உட்கார வைத்து விசாரிப்பார். ‘உள்ள யார் யார் இருக்காங்க, சொல்லுங்கம்மா’ என்றார். மீனுக்கு யார் யார் என்கிற மனுஷன். அவள் நேரே பதில் சொல்லாமல் கண்ணாடித் தொட்டிகளைச் சுற்றி வந்தாள், வேறு எதையாவது எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு நப்பாசை. மஞ்சள் பட்டாம்பூச்சி மீன் ஒன்று லட்சணமாக இருந்தது. ‘அழகுதாம்மா, ஆனா சார் வளர்த்த பவளத்தை, அந்தக் கோரலை, கொறிச்சே தீர்த்துடும்.’ நெருப்பு நிறத்தில் குட்டி ஏஞ்சல். ‘அது நூத்துக்கு அம்பது. ரெண்டு வருஷம் சமத்தா இருக்கும், ஒரு நாள் திடீர்னு கோரலைக் கடிக்கும். எப்பன்னு அதுக்கே தெரியாது.’ நீலமாக ஒரு டாங். ‘முழ நீளத்துக்கு வளரும், உங்க நாலடி டேங்க்ல போட்டா பாவம்.’ ஊசி மாதிரி சின்னதாக ஒரு நீல டாம்செல். ‘இது சின்னதுன்னு பார்க்காதீங்க. முதல்ல உள்ள போனா வீடே தன்னுதுன்னு நினைச்சுக்கும், பின்னால வர்ற ஒருத்தரை வாழ விடாது. சாதுவை முதல்ல விடணும், முரடைக் கடைசில விடணும். சாருக்குத் தெரியாததா.’ அவளுக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் முதலில் போனது யார்? அவள்தானே. டேங்க் வந்தது அவர் ரிடையர் ஆன வருஷம், ஏழு வருஷத்துக்கு முன்னால். வந்த நாளிலிருந்து அவள் அதை ஒரு நாளாவது நிம்மதியாக இருக்க விட்டாளா? ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டது, இரைச்சல், உப்பு படிகிறது, சோபா போட இடமில்லை என்று கொத்திக்கொண்டேதான் இருந்தாள். ‘என்னம்மா, யார் யார் இருக்காங்க?’ என்று அல்போன்ஸ் விடவில்லை. ‘க்ளவுன் ஜோடி. மணல்ல படுத்திருக்குமே, அந்த கோபி. ஒரு இறால்.’ ‘வேற?’ ‘வேற யாரும் இல்ல.’ ‘கிராமா மாதிரி ஏதோ வாங்கினதா அன்னிக்குப் போன்ல சொன்னீங்களே?’ ‘அது போயிடுச்சு.’ எவ்வளவு சுளுவாக வந்தது வாயில். நிஜத்தைச் சொல்லியிருந்தால், அதைப் பிடிச்சு எடுத்துட்டு வாங்கம்மா, அப்புறம் தர்றேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார் அவர். இருக்கிற நாலில் எது நன்றாக இரை எடுக்கிறது என்று போட்டுப் பார்த்து, அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். நல்லதைத்தான் கொடுத்தார், பாவி.

அந்த ரௌடியைப் பிடிக்கப் பார்க்காமலா இருந்தாள்? இரண்டு நாள் வலையை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டாள். வலை தண்ணீரைத் தொடுகிறதற்குள் டாட்டிபேக் கல்லின் ஓட்டைக்குள் போய்விடும், ஒரு ஓட்டையில் போய் இன்னொரு ஓட்டையில் தலையை நீட்டி அவளையே பார்க்கும். ஒவ்வொரு கல்லாக எடுத்து வெளியே வைத்தால்தான் அகப்படும். கல்லை எடுப்பதாவது. கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு கோரல் வளர்ந்திருக்கிறது. பண்ணையில் வளர்த்த கட்டைவிரல் அளவுத் துண்டாக அவர் ஒட்டி வைத்தது, இப்போது இரண்டு கையாலும் அணைக்கிற அளவுக்குப் படர்ந்து, மெத்து மெத்தென்ற பச்சைக் கொம்புகளை விரித்துக்கொண்டு ஆடுகிறது. விளக்குப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து அது விரியும். விரியும்போது அவருக்கு இருப்புக் கொள்ளாது. ‘வேணி, இங்க வாயேன்’ என்று கூப்பிடுவார். அடுப்பில் இருந்தாலும் கூப்பிடுவார், குளிக்கப் போனாலும் கூப்பிடுவார். போய்ப் பார்த்தால் நேற்றைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கும். ‘நேத்து இந்தக் கொம்பு இல்ல, பாரு.’ அதனால்தான் பக்கவாதம் வந்த அன்றைக்கும் கூப்பிட்டபோது. அதனால்தான், சத்தியமாக அதனால்தான். சொட்டு நின்றிருந்தது. உருளையை நகர்த்தினாள். ஐசியூவில் அவர் கைக்கு மேலே இதே மாதிரி ஒரு உருளை இருந்தது, கண்ணாடி வழியே அதையே பார்த்துக்கொண்டு அவள் வெளியில் நின்றாள், உள்ளே விட மாட்டேன் என்றார்கள். ஜூனியர் டாக்டர் பெண், சின்னப் பெண்தான், மகள் சுகன்யா வயசு இருக்கும், ‘எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதும்மா, கரெக்டா சொல்லுங்க, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்’ என்றாள். ‘பதினொன்னே கால். கூப்பிட்டார், ஓடிப்போய்ப் பார்த்தேன்.’ டாக்டரிடமே சொன்னாள். பதினொன்னே கால் என்பது அவள் போய்ப் பார்த்த நேரம். கூப்பிட்ட நேரம் பத்தே முக்கால்.

பத்தே முக்காலுக்கு அவள் பால்கனியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு, சேலத்திலிருக்கும் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேச்சு? வீட்டுக்காரரைப் பற்றித்தான். ‘எனக்குக் காய்ச்சல்னா என்னன்னு கேட்க ஆளில்லக்கா, அந்தக் கோரல் வெளுத்துப் போச்சுன்னா மனுஷன் சாப்பிட மாட்டார்’ என்று குறைபாடிக்கொண்டிருந்தாள். அப்போது ‘வேணி, இங்க வாயேன்’ என்று கேட்டது. ‘பார்த்தியா, கூப்பிடறார், கொம்பு முளைச்சிருக்கும்’ என்றாள் அக்காவிடம். சரி, ஒரு தடவை. ஒரு தடவைதான் எல்லாரிடமும் சொன்னது. சுகன்யா ஆஸ்பத்திரி வராந்தாவில் வருகிறவர்களிடமெல்லாம் ‘அம்மா ஒரு குரலுக்கு ஓடி வந்ததாலதான் அப்பா பிழைச்சார்’ என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சித்தி ஒருத்தி அம்சவேணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள். அவரும் கேட்டார். வார்டில், வாய் கொஞ்சம் அசைய ஆரம்பித்த நாலாம் நாள், ‘நா... கூப்... பிட்டேனா’ என்று. அவருக்கு அன்றைக்குக் காலை எதுவுமே நினைவில்லை, பல் துலக்கினதுகூட. ‘கூப்பிட்டீங்க, ஒரே தடவை, ஓடி வந்துட்டேன்.’ அவர் கண்ணை மூடிக்கொண்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். நன்றியாகப் பிடித்துக்கொண்டார், அதுதான் தாங்க முடியவில்லை. ஏனென்றால் இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். ‘வேணி’ என்று மட்டும். வாயேன் இல்லை. அதைக் கேட்டதும் அவள் எழுந்திருக்கப் போனாள். எழுந்திருக்கத்தான் போனாள், மடியில் கீரை இருந்தது, கொட்டிவிடும் என்று உட்கார்ந்துவிட்டாள். கீரைக்காக. அதற்கு அப்புறம். அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை, மணி எத்தனை, நாலே முக்கால் ஆகிவிட்டது, மீனை விட வேண்டும்.

பிளாஸ்டிக் டம்ளரை வாளிக்குள் சாய்த்தாள். மீன் அவ்வளவு எளிதாகத் தானாகவே அதற்குள் வந்தது. இதற்காவது கொஞ்சம் சூதுவாது தெரிந்திருக்கக் கூடாதா? டம்ளரைத் தூக்கி டேங்க் விளிம்பில் வைத்தாள். கீழே கல்லின் ஓட்டையிலிருந்து ஊதாத் தலை ஒன்று வெளியே வந்தது, அப்புறம் மஞ்சள் வால், நடுவில் அந்த வெட்டு. டம்ளருக்கு நேர் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. டம்ளருக்குள் ஈர்க்கு டக் டக்கென்று எழும்பி எழும்பி விழுந்தது. ஒரு சாய்ப்பு சாய்த்தால் போதும். இன்றைக்கு அவர் வந்து பார்க்கும்போது உள்ளே இருக்கும், ‘எங்க’ என்று கேட்க மாட்டார், ‘பார்த்தீங்களா, வெளியே வந்துடுச்சு’ என்று சொல்லலாம், நாளைக்கு என்ன ஆனால் என்ன. நாளைக்கு வலை மூடியை இழுத்து மூடிவிட்டால் துள்ளி விழாது. துள்ளி விழாவிட்டால் உள்ளேயே கிழிந்து சாகும். அதை அவர் உட்கார்ந்து பார்ப்பார். எழுந்துபோய் வலையை எடுக்கவும் முடியாது, வாயைத் திறந்து முழுசாகக் கூப்பிடவும் முடியாது, கூப்பிட்டாலும் அவள் வருவாள் என்று என்ன நிச்சயம்? டம்ளரை விளிம்பிலிருந்து எடுத்தாள். லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டம்ளரோடு மீனை வாளியிலேயே கவிழ்த்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள். ‘மாமா இன்னிக்கு எட்டு அடி நடந்தார் அத்தை’ என்று சொல்லிக்கொண்டே தினகர் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளி, டேங்க் முன்னால் இருக்கிற நாற்காலிக்கு அவரை மாற்றி உட்கார வைத்துவிட்டு, ஆபீசில் மீட்டிங் இருக்கிறது என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

அவர் டேங்க்கைப் பார்த்தார். அப்புறம் வாளியை. அப்புறம் அவளை. ‘என்...னது’ என்றார். அதுக்கு ஜோடி வேணுமேன்னு வாங்கினேங்க. நாக்கு நுனியில் தயாராக இருந்தது, எவ்வளவு பொருத்தமான பொய். அவள் அவர் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

‘அது உள்ள இல்லைங்க. நீங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே செத்துப் போச்சு. நான் வாங்கினது துரத்தி, வெளியே குதிச்சு. மூடியைச் சரியா மூடாம விட்டது நான்தான்.’

அவர் தலையசைத்தார். ஆச்சரியம் எதுவும் இல்லை அந்த அசைவில். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் திறந்துவிட்டது, இனி மூடினால் எப்போதைக்கும் மூடிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரிந்தது.

‘இன்னொண்ணு இருக்குங்க. அன்னிக்கு நீங்க கூப்பிட்டது ஒரு தடவை இல்ல.’

அவர் மெதுவாகத் திரும்பினார். ‘எத்...தனை.’

‘மூணு.’ சொல்லிவிட்டாள். ‘அக்காவோட பேசிட்டிருந்தேன். முதல் தடவை வரல. ரெண்டாவதுக்கும் வரல. மூணாவது தடவை பேர் வரல உங்களுக்கு, வெறும் சத்தம்தான் வந்தது. என்னடி சத்தம்னு அக்கா கேட்டா. மீனோட பேசுறார்னு சொன்னேன். சொல்லிட்டு ரெண்டு பேரும் சிரிச்சோம். நீங்க முதல்ல கூப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் வந்தேன்.’

அவர் வலது கண்ணில் தண்ணீர் வடிந்தது. அந்தக் கண்ணில் எப்போதும் வடியும், அழுகிறாரா இல்லையா என்று சொல்ல முடியாது. இடது கண் காய்ந்துதான் இருந்தது. திட்டட்டும், இடது கையால் ஒரு அறை கொடுக்கட்டும், எதையாவது செய்யட்டும் என்று அவள் காத்திருந்தாள். வாளிக்குள் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. அவர் இடது கையைத் தூக்கினார். அவளை நோக்கி வரவில்லை கை, டேங்க்கை நோக்கிப் போனது.

‘கல்...லை எடு’ என்றார்.

அந்த ரௌடியைப் பிடிக்கச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ‘கோரல் உடைஞ்சிடும்ங்க. ஏழு வருஷம்.’

‘உடையட்டும்.’

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவ்வளவு பெரிய சொல் பிசிறில்லாமல் அவர் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து, வலை மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, கையை உப்புத் தண்ணீருக்குள் தோள்வரை விட்டாள். பச்சைக் கொம்புகள் அவள் கை பட்டதும் சுருங்கி உள்ளே போயின. மேலே இருந்த கல்லை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தாள், வரவில்லை, இன்னும் கொஞ்சம் பலமாக அசைத்தாள். மளுக்கென்று ஒரு சத்தம், கையிலேயே உணர்ந்தாள். அப்படியே நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள், கலங்கிக்கொண்டு வந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘அடுத்தது’ என்றார்.